ஆறில்லாத மேப்பும் கிழக்கு உத்திர வீதி சுரங்க ரயிலும்

ஸ்ரீரங்கத்துக்குச் சுரங்க ரயில் வரப்போகிறது என்று முதலில் சொன்னது யார் என்பதில் ஊருக்குள் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. ஆனால் வந்தால் எங்கே நிற்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கிழக்கு உத்திர வீதியில் நிற்கும். அதுவும் ஹயக்ரீவன் வீட்டுக்கு நேர் கீழே.

சித்திரை வெயிலில் மனிதர்கள் நிழலை விட்டு நகராதபோது வதந்தி மட்டும் செருப்பில்லாமல் நாலு வீதியும் சுற்றி வந்தது. பெருமாள் பள்ளிகொண்டிருக்கிற ஊரில் அவருக்கு அடியில் ரயில் ஓடினால் அவர் தூக்கம் என்னாவது என்று ஒரு கட்சி கேட்டது. "வேட்டுக்கும் மைக் செட்டுக்கும் எழுந்துக்காதவர் ரயிலுக்கா எழுந்துக்கப் போறார்?" என்று இன்னொரு கட்சி பதில் சொன்னது. வீட்டை விற்க நினைத்தவர்கள் இப்போது வேண்டாம் என்றார்கள். வாங்க நினைத்தவர்கள் உடனே வேண்டும் என்றார்கள். ரயிலையே பார்க்காமல் ஒரு தெரு இவ்வளவு வேகமாக ஓடியது ஆச்சரியம்தான்.

சரி, உண்மை என்ன என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், முதல் நிறுத்தம் வெள்ளை கோபுரத்துப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சின்னையன்.

"எனக்கு வீரமலை சொன்னாருங்க. அவரு சொன்னா பொய்யா இருக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"பொய்யா இருந்தா இவ்வளவு பேரு டீ குடிக்க வந்திருப்பாங்களா?"

வீரமலை வீட்டுத் தரகர். சொந்த ஊர் வையம்பட்டி. அங்கே மழை பெய்யாத ஒரு வருஷத்தில் ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர், இங்கே எந்த வீட்டில் எத்தனை ஜன்னல் என்று அந்த வீட்டுக்காரர்களைவிட நன்றாக அறிவார்.

"நான் காதால கேட்டதைச் சொல்ற ஆளு இல்லைங்க. கண்ணால பார்த்தேன். மாடி போர்ஷன் காலியாகுதான்னு கேட்க ஹயக்ரீவன் சாமி வீட்டுக்குப் போனேன். மேசை மேல மேப்பு. உத்திர வீதியைச் சுத்தி மஞ்சள் லைன், சித்திரை வீதியைச் சுத்தி பச்சை லைன், வாசலுக்கு வாசல் ஸ்டேஷன். அம்மா மண்டபம், சத்திரம், தெப்பக்குளம் எல்லாம் போட்டிருக்கு. என்னைப் பார்த்ததும் சாமி சட்டுனு ரெண்டு கையாலயும் பொத்திட்டாரு. ஒண்ணுமில்லாததையா பொத்துவாங்க?"

பொத்தியது உண்மைதான். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வாசல் கதவைத் திறந்ததும் காகிதம் பறக்கப் பார்த்தது. ஆனால் மேப் இருந்ததும் உண்மை, அதை வரைந்தவர் ஹயக்ரீவனே என்பதும் உண்மை. ஏன் வரைந்தார் என்பதற்குத்தான் பெரிய கடை வீதியிலிருக்கும் ஒரு பெட்டிக்கடை வரைக்கும் போகவேண்டும். பெட்டிக்கடை என்றால் வெற்றிலை பாக்கு விற்கிற கடை இல்லை. நிஜமாகவே பெட்டி விற்கிற கடை, சூட்கேஸ் கடை.

ஹயக்ரீவன் மின்சார வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லண்டனுக்குப் போனதில்லை. சொல்லப்போனால் சென்னைக்கே அலுவலகப் பயிற்சிக்காக ஒரே ஒரு முறை போனார். அந்தப் பயணத்துக்காகத்தான் பஷீர் அகமதுவின் கடையில் பழைய பெட்டி ஒன்று வாங்கினார். கடையின் முன்பக்கம் புதுப் பெட்டிகள். பின்பக்கம் ஜிப் பிய்ந்தவை, சக்கரம் போனவை, சரிசெய்து மறுபடி விற்பவை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பக்கவாட்டுப் பையில் கையை விட்டால், மடித்த அட்டை ஒன்று வந்தது. பிரித்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று கோடுகள். நேராகப் போயின, சாய்ந்தன, மறுபடி நேராயின. குறுக்கே வெட்டிய இடங்களில் சின்ன வட்டம். இருபது வருஷம் மின்சார வாரியத்தில் உட்கார்ந்த கண்ணுக்கு அது வேறு எதுவாகவும் தெரியவில்லை.

"மைத்ரேயி, யாரோ வயரிங் டயக்ராமை மறந்துபோய் விட்டுட்டான். அவன் ஆத்துல கரண்ட் இருக்கோ இல்லையோ" என்றார் மனைவியிடம்.

அதே பதற்றத்தோடு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிக் கடைக்குப் போனார். பஷீர் பாய் அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார், பெட்டிக்குள்ள ரூபா இருந்தாலே எவனும் திருப்பித் தரமாட்டான். நீங்க வயரிங்கத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. இது கரண்ட் போற வழி இல்ல சார். லண்டன்ல பூமிக்கடியில ரயில் போற வழி. ஸ்டேஷன்ல சும்மா குடுப்பாங்க, பாக்கெட்டுல வச்சுக்க."

"சும்மாவா?"

"சும்மாதான். அதான் சும்மா விட்டுட்டுப் போயிருக்கான்."

அந்த அட்டை எழுபதுகளில் அச்சானது. ஹயக்ரீவன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். பிடித்தது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு, ஓட்டைப் பெட்டி எது வந்தாலும் அதன் பைகளைத் துழாவி, லண்டன் மேப் கிடைத்தால் எடுத்துவைப்பது பஷீர் பாயின் வழக்கமாயிற்று. எப்போதோ கப்பலில் போனவர்கள், டாக்டருக்குப் படிக்கப் போனவர்கள், கல்யாணமாகிப் போய் வந்தவர்கள். திருச்சியில் பழைய பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் மாவடு எண்ணெய் ஊறியிருக்கும். ஒன்றில் குழந்தை கிறுக்கியிருக்கும். யார் பெட்டியிலிருந்து எது வந்தது என்பது ஹயக்ரீவனுக்கு மனப்பாடம். மேப்பைவிட அதுதான் நன்றாக மனப்பாடம் என்று சொன்னாலும் தவறில்லை. "இது உறையூர் நர்ஸ் அம்மா. நன்னா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொன்றையும் பிரிப்பார்.

சாயங்காலம் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்ததும் ஒரு மேப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு விரலால் ஊர் சுற்றுவார்.

"இன்னிக்கு கடைசி ஸ்டேஷன் காக்ஃபாஸ்டர்ஸ் வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்பார்.

"போன கையோட கறிவேப்பிலை வாங்கிண்டு வந்திருக்கலாமே" என்பாள் மைத்ரேயி.

இதே மனிதர்தான் காந்தி மார்க்கெட்டுக்குப் போனால் எந்தப் பக்கம் நுழைந்தோம் என்று மறந்து, வெங்காய மண்டியை மூன்று முறை சுற்றுவார். உலகத்தில் எல்லா ஊருக்கும் வழி தெரிய வேண்டும் என்று சட்டமா என்ன.

சேகரிப்பவர்களுக்கே உரிய கர்வம் ஒன்று அவருக்கும் இருந்தது. தொண்ணூறுகளுக்கு அப்புறம் வந்த மேப்புகளை அவர் மேப் என்றே ஒப்புக்கொள்வதில்லை. "அதெல்லாம் நேத்திக்கு வந்தது" என்று ஒதுக்கிவிடுவார். ஒரே ஒரு விதிவிலக்கு. 2009-ஆம் வருஷம் லண்டன்காரர்கள் மேப்பில் இடம் போதவில்லை என்று தேம்ஸ் நதியையே எடுத்துவிட்டார்கள். ஊரே சத்தம் போட்டது. சில மாதங்களில் நதியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பத்திரிகையில் இதைப் படித்த நாளிலிருந்து அந்த ஆறில்லாத மேப் வேண்டும் என்று ஹயக்ரீவனுக்கு ஆசை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவருக்கு, ஆற்றை அழித்த துணிச்சல்காரர்கள் எப்படி அழித்தார்கள் என்று பார்த்துவிட வேண்டும்.

"இதுல என்ன சார் அதிசயம்? நம்ம ஊர்ல வருஷா வருஷம் எடுத்துட்டுத்தானே வைக்கிறாங்க" என்பார் பஷீர் பாய்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த பொழுதுபோக்கு, போன தை மாதம் ஒரு பெண்ணின் பயணத்தில் போய் நின்றது.

பஷீர் பாயின் ஒரே மகள் அல்ஃபியா. கல்யாணமாகிக் கணவன் ஹாலித்தோடு லண்டனில் இருக்கிறாள். முன்பு ஒரு கரு தங்காமல் போய், அதன்பின் மூன்று வருஷம் கழித்துத் தங்கியது. "அம்மா, நீங்க பக்கத்துல இருந்து கையைப் பிடிச்சுக்கங்க, அது போதும்" என்று ஃபோனில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பஷீர் பாய்க்கு விசா வரவில்லை. மனைவி வஹீதாவுக்கு வந்துவிட்டது. நாகூரைத் தாண்டித் தனியாகப் போயறியாத வஹீதா, பிரசவத் தேதிக்கு முன்னால் போய்ச் சேர அபுதாபி வழியாகக் கிளம்புவது என்று முடிவாயிற்று.

ஹாலித்துக்குப் பிரசவத்துக்காக லீவை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. ஏர்போர்ட்டுக்கு வரமுடியாது. "டாக்ஸி வச்சுக்கிட்டு வந்துருங்க மாமி" என்றான்.

"தெரியாத ஆம்பளையோட தனியா காருல ஏறமாட்டேன். ரயில்ல நாலு பேரு இருப்பாங்க."

"அப்ப லிங்க் அனுப்பறேன். ஃபோனே வழி சொல்லும்."

"ஃபோனு சொல்லி நான் கேட்கிறதா? எங்களுக்கு ஹயக்ரீவன் அண்ணன் இருக்காரு."

அந்தச் செய்தியைக் கேட்ட ஹயக்ரீவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒருவர் வழி கேட்பது அதுதான் முதல் முறை. கடையின் கண்ணாடி மேசை மேல் ஆரஞ்சு லைன் போட்ட மேப்பை விரித்தார். அவரிடம் இருந்ததிலேயே புதிது, தொண்ணூற்றிரண்டாம் வருஷத்தது.

"ஏர்போர்ட்ல இந்தக் கருநீல லைன் ஏறணும்மா. ஹாமர்ஸ்மித்ல இறங்கினா எதிர்ப் பக்கமே பச்சை லைன் வரும். ஏறி உட்கார்ந்துடுங்க. வைட்சேப்பல்ல இறங்கி ஆரஞ்சு லைன். ஒரே ஒரு ஸ்டேஷன், ஷோர்டிச். அங்கேர்ந்து அல்ஃபியா ஆத்துக்கு நடந்தே போயிடலாம்."

"நேர்ல போய்ப் பார்த்த மாதிரியே சொல்றீங்கண்ணே."

"பின்னே? தினமும் போயிண்டுதானே இருக்கேன்."

அந்த மேப்பையே எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவர் மேப் சேர்த்துவைத்திருந்த பெட்டியிலிருந்து ஒன்று வெளியே போவதும் அதுதான் முதல் முறை. வஹீதா அதை மடித்துக் கைப்பையில் தஸ்பீஹ் மணிமாலையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

விமானம் ஏறிய மறுநாள் பகலில் ஹயக்ரீவன் கடைக்கு வந்துவிட்டார். லண்டனில் அப்போதுதான் விடிந்திருக்கும்; வஹீதா இறங்கியிருப்பாள். பஷீர் பாய் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கடையில் ஒரு வாடிக்கையாளர், மேற்குச் சித்திரை வீதி ரகுநந்தன். லண்டனில் வேலை, பொங்கலுக்கு வந்தவன், திரும்பிப் போகப் பெரிய பெட்டி தேடிக்கொண்டிருந்தான். ஹயக்ரீவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தான் போட்டுக் கொடுத்த வழியை ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொன்னார்.

ரகுநந்தன் பெட்டியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே கேட்டான். பிறகு சுழற்றுவதை நிறுத்தினான்.

"மாமா, ஷோர்டிச்சா சொன்னேள்? அந்த ஸ்டேஷனை மூடி இருபது வருஷம் ஆகப்போறது."

"மூடறதாவது? இப்பத்தானே கொடுத்தேன்" என்றார் ஹயக்ரீவன். என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்த ஆரஞ்சு லைனே இப்ப அங்கே இல்லை மாமா. அது வேற ரயிலாயிடுத்து. ஏர்போர்ட்லேர்ந்து வைட்சேப்பலுக்கு நேரா ஒரே ரயில் வந்து மூணு வருஷமாச்சு. எதுக்கு அவாளை நடுவுல இறக்கி ஏத்தினேள்?"

ஹயக்ரீவன் பக்கத்திலிருந்த புதுப் பெட்டி மேல் உட்கார்ந்தார். அது நகர்ந்தது. எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தனியாக, ஆங்கிலமும் தெரியாமல், அந்தக் குளிரில் இல்லாத ஸ்டேஷனைத் தேடிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். மகள் அங்கே கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். கையில் இருப்பது இவர் கொடுத்த அட்டை.

"பாய் வந்தா நான் சொல்லட்டுமா மாமா?" என்றான் ரகுநந்தன். நல்ல பையன்.

"வேண்டாம். நானே சொல்றேன்."

அவன் போய்விட்டான். பெட்டி வாங்கவே மறந்துவிட்டான்.

பஷீர் பாய் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே கடைக்குள் வந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், மேசையின் கண்ணாடியைப் பார்த்தே ஹயக்ரீவன் எல்லாவற்றையும் சொன்னார். பாய் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

"சார், அந்த மேப்பு எந்த வருஷத்துது?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"அல்ஃபியா பொறந்ததே அதுக்கப்புறந்தான் சார்."

வஹீதாவின் ஃபோன் அணைந்து கிடந்தது. ஹாலித் எடுக்கவில்லை. அல்ஃபியாவும் எடுக்கவில்லை. பாய் மூன்று பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். கடைக்கு வந்த ஒரு குடும்பத்திடம் "அப்புறமா வாங்க" என்றார். முப்பது வருஷ வியாபாரத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மைத்ரேயி ஃபோன் செய்தாள். சாப்பாடு ஆறிப்போகிறது என்று சொல்ல வந்தவள், விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டை மறந்துவிட்டாள். திட்டுவாள் என்று ஹயக்ரீவன் எதிர்பார்த்தார்.

"நான் தாயார் சந்நிதிக்குப் போயிட்டு வரேன். நீங்க அங்கேயே இருங்கோ. பாயைத் தனியா விட்டுட்டு வராதீங்கோ."

அவர் இருந்தார். மனசுக்குள் ரங்கநாதனிடம் பேரம் பேசினார். பெட்டியோடு எல்லா மேப்பையும் காவிரியில் விட்டுவிடுகிறேன் என்றார். உடனே, காவிரிப் படித்துறையில் எப்போதும் கூட்டமாயிற்றே, கொள்ளிடத்தில் விடுகிறேன் என்று திருத்திக்கொண்டார். பாய் எதிரே உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டினார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கேட்காதபடி ஒரே ஆளுக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

வெயில் எதிர்ப்பக்கத்துக் கடைகளுக்கு மாறியபோது ஃபோன் அடித்தது. ஹாலித்.

"மாமா, பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. தேதிக்கு முன்னாடியே வலி வந்துருச்சு, விடியக்காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தேன். ஃபோனைப் பார்க்கவே முடியலை."

"உங்க மாமி?"

"பக்கத்துலதான் இருக்காங்க. அல்ஃபியா கையை விடவே இல்லை."

பஷீர் பாய் ஃபோனைக் கண்ணாடி மேசை மேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் வஹீதாவின் குரல் கேட்டது.

"அங்க அண்ணன் இருக்காரா?"

"இருக்கேம்மா."

"அண்ணே, நீங்க சொன்ன ஸ்டேஷன் இல்லண்ணே."

"தெரியும்மா. தப்புப் பண்ணிட்டேன்."

"கேளுங்க முதல்ல. வைட்சேப்பல்ல இறங்கினேன். அதுவரைக்கும் நீங்க சொன்னது எல்லாம் சரி. ஆரஞ்சு லைனைத் தேடறேன், தேடறேன், காணோம். ஷோர்டிச்சு எங்கேன்னு மேப்பைக் காட்டினா பொண்ணுங்க எல்லாம் சிரிச்சுட்டுப் போகுதுங்க. அழுகையே வந்துருச்சு. அங்க ஸ்டேஷன்ல வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தரு வந்தாரு. நஸ்ருல்லான்னு பேரு, பங்களாதேஷ்காரரு. மேப்பை வாங்கிப் பார்த்தவரு அப்படியே நின்னுட்டாரு. அந்த மூடின ஸ்டேஷன்லதான் அவரு மொதமொத வேலைக்குச் சேர்ந்தாராம்."

"அவரோட என்ன பாஷையில பேசினீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச உருது பாதி, மீதி கைதான். அவரு ஃபோன்லேர்ந்துதான் ஹாலித்துக்கு விடாம போட்டேன், கடைசியில எடுத்தான். எங்க இருக்கீங்க மாமின்னான். வைட்சேப்பல்னேன். ரோட்டைத் தாண்டுங்க, ஆஸ்பத்திரி எதிர்லயே இருக்குன்னான். பெரியவரே கொண்டுவந்து விட்டாரு. நான் உள்ளே போறேன், அல்ஃபியா கையை நீட்டறா. அதுக்கப்புறம் கொஞ்ச நேரந்தான் அண்ணே, புள்ளை பொறந்துருச்சு."

ஹயக்ரீவன் ஸ்டூலை ஃபோனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க மட்டும் சரியான வழி சொல்லியிருந்தீங்கன்னா, நான் நேரா போய்ப் பூட்டின வீட்டு வாசல்ல நின்னிருப்பேன். அல்லா உங்களுக்கு நல்ல தப்பா கொடுத்தான்."

"பாய், கேட்டேளா?" என்றார் ஹயக்ரீவன்.

"கேட்டேன் சார். அதுக்காக இனிமே யாருக்கும் வழி சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவையும் அல்லா பின்னாடியே வந்து திருத்திக்கிட்டு இருக்க முடியாது" என்றார் பஷீர் பாய். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

"இன்னொண்ணு அண்ணே" என்றாள் வஹீதா. குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்த மேப்பை அவருகிட்ட குடுத்துட்டேன். உங்களைக் கேட்காம குடுத்தது தப்புதான். அவரு அதைத் திருப்பித் தர்றப்ப முகத்தைப் பார்த்தேன். மனசு கேட்கலை."

"நல்லதும்மா. அது அவரோடதுதான். நான் கொஞ்ச நாள் பத்திரமா வச்சிருந்தேன், அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் பெட்டியைக் கொள்ளிடத்தில் விடுவதா வேண்டாமா என்று மைத்ரேயியிடம் யோசனை கேட்டார். "விட்டுட்டு மறுநாள் தேடிண்டு போவேள். பேசாம இருங்கோ" என்றாள். ரங்கநாதன் சார்பில் அவளே கணக்கைத் தீர்த்துவிட்டாள்.

பங்குனி முடிகிற சமயத்தில் வஹீதா திரும்பி வந்தாள். பேத்தியின் ஃபோட்டோக்களைக் காட்டிக் காட்டிக் கைபேசி சூடாகிவிட்டது. கடைசியில் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"நஸ்ருல்லா பாய் குடுத்தாரு. அங்கே இருந்தவரைக்கும் வாராவாரம் வந்து புள்ளையைப் பார்த்துட்டுப் போவாரு. உங்களுக்கு ஆறில்லாத மேப்பு மேல ஆசைன்னு சொன்னேன். அவரு லாக்கர்ல ஒண்ணு கிடந்துதாம்."

ஹயக்ரீவன் பிரித்தார். எல்லாக் கோடும் இருந்தது. அடியில் எப்போதும் வளைந்து வளைந்து போகிற நீலம் இல்லை. எத்தனையோ வருஷமாகக் கேட்டது கைக்கு வந்தும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. ஊர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கோடுகள் அந்தரத்தில் தொங்கின. ஆறு இல்லாவிட்டால் எந்தப் பக்கம் அக்கரை?

"பாவம்டா இந்த ஊர்" என்றார்.

"அதுக்குப் பதிலா ஒண்ணு கேட்டிருக்காரு அண்ணே. உங்க ஊரு மேப்பு ஒண்ணு அனுப்புங்க, இதே மாதிரி மடிச்சுப் பாக்கெட்டுல வைக்கிற மாதிரின்னாரு. எங்க ஊருக்கு ரெண்டு பக்கமும் ஆறு, நடுவுல சாமி படுத்திருக்காருன்னு நான் சொல்லியிருந்தேன். நாங்க அனுப்பறோம்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"யாரு அனுப்பறது?"

"நீங்கதான். வேற யாரு?"

அப்படித்தான் அந்த மேப் ஆரம்பித்தது. ஹயக்ரீவன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். உத்திர வீதி மஞ்சள், சித்திரை வீதி பச்சை, அடையவளைஞ்சான் வீதி பழுப்பு. ஒன்றுக்குள் ஒன்று நாலு மூலையோடு சுற்றி வருகிற லைன்கள். லண்டனில் வட்ட லைன் மேப்பில் ஏறி நூறு வருஷம்கூட ஆகவில்லை. இங்கே பெருமாள் எத்தனையோ நூற்றாண்டாக அதே லைனில் புறப்பட்டு அதே இடத்தில் வந்து இறங்குகிறார், டிக்கெட் பரிசோதனை இல்லாமல். ராஜகோபுரத்திலிருந்து தெற்கே ஒரு சிவப்புக் கோடு. அம்மா மண்டபம், சத்திரம், தெப்பக்குளம், பெரிய கடை வீதி, ஏர்போர்ட்.

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. தாயார் சந்நிதியில் எல்லா லைனும் சந்திக்க வேண்டும் என்றாள் மைத்ரேயி. தன் கடை வாசலில் ஒரு வட்டம் போட்டே ஆகவேண்டும் என்றார் பஷீர் பாய். நர்ஸ் அம்மாவுக்காக உறையூருக்கு ஒரு கிளை வந்தது. அந்தச் சமயத்தில்தான் வீரமலை மாடி போர்ஷன் விசாரிக்க வந்தார், பார்த்தார். பிறகு நடந்தது ஊரறிந்தது.

வதந்தி வளர்ந்து வாசலுக்கே வந்ததும் ஹயக்ரீவன் வீரமலையை வரச்சொல்லி எல்லாவற்றையும் விளக்கினார். ரயிலும் இல்லை, சுரங்கமும் இல்லை, லண்டனில் இருக்கிற ஒருவருக்கு அனுப்புவதற்காக வரைந்த படம், அவ்வளவுதான் என்றார். வீரமலை பொறுமையாகத் தலையாட்டினார்.

"புரியுதுங்க சாமி."

"நாலு பேர்கிட்ட சொல்லிடுங்கோ."

"சொல்லிடறேன். ஒண்ணு மட்டும் கேட்கலாங்களா?"

"கேளுங்கோ."

"வையம்பட்டிக்கு ஒரு லைன் போட்டுருங்க சாமி. பஸ்ஸே நேரத்துக்கு வர மாட்டேங்குது."

வெளியே போய் அவர் சின்னையன் கடையில் சொன்னது இது: "வெறும் படந்தான்னு சாமி சொல்றாரு. அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க. லண்டன்காரனே வேற இதுல இருக்கான்." ஆக, வதந்தியை அடக்கப் போனதில் அதற்கு வெளிநாட்டு முதலீடு வந்ததுதான் மிச்சம்.

ஹயக்ரீவன் அதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அவருடைய கவலை வேறு. மேப் முடிந்துவிட்டது, ஆற்றைத் தவிர. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் விட்ட இடம் இரண்டும் வெள்ளையாக இருந்தன. ஒரு நாள் காலையில் பார்த்து வரைந்துவிடலாம் என்று அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனார். கோடைக் காவிரி. மணலும், மணலில் கிரிக்கெட்டும், நடுவில் ஒரு வேட்டி அகலத்துக்குத் தண்ணீரும். கடைசிப் படியில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

நீலம் அடித்தால் பொய். அடிக்காவிட்டால், ஆற்றை எடுத்துவிட்டவர்களோடு அவரும் சேர்ந்துவிடுவார். ஏற்கெனவே ஒரு முறை இல்லாததை இருப்பதாக மேப்பில் காட்டி ஒரு பெண்ணை அனுப்பியவர். இன்னொரு முறை அந்தத் தப்பைச் செய்ய மனசு வரவில்லை. எல்லாத் தப்பும் ஆஸ்பத்திரி வாசலில் போய் முடியும் என்று என்ன நிச்சயம்?

நஸ்ருல்லா பாய் வஹீதாவுக்கு அவ்வப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். குழந்தை எப்படிச் சிரிக்கிறது என்று சொல்லிவிட்டு, கடைசியில் மேப் என்னவாயிற்று என்று கேட்பார். வஹீதா அதை ஹயக்ரீவனிடம் ஒப்பிப்பாள்.

"அண்ணே, மறுபடி கேட்டாரு. என்ன சொல்ல?"

"மேட்டூர்லேர்ந்து தண்ணி திறந்துவிட்டா வந்துடும்னு சொல்லும்மா."

"அவருக்கு மேட்டூர் எங்க தெரியும்?"

"தெரியாட்டா என்ன? நமக்கு ஷோர்டிச் தெரிஞ்சுதா?"

பஷீர் பாய் பழைய பெட்டி ஒன்றின் பக்கவாட்டுப் பையில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, "ஆடிப் பெருக்குக்குள்ள அனுப்பிடுங்க சார். இல்லாட்டி நம்ம ஊருல மனுஷங்க வாக்கும் மணலாப் போச்சுன்னு நினைச்சுக்குவாரு" என்றார்.

ஹயக்ரீவன் வீட்டு மேசை மேல் மேப் இருக்கிறது, பறக்காமல் இருக்க மேலே ஆறில்லாத லண்டனை வைத்திருக்கிறார். மஞ்சளும் பச்சையும் பழுப்பும் சிவப்பும் சீவிச் சீவிப் பாதியாகிவிட்டன. நீலப் பென்சில் மட்டும் இன்னும் சீவாமலே கிடக்கிறது.